அவள் ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தாயே

என் மகனுக்கு,

நீ சுகமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. கந்தோர்க் கதையையும், குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வருகிற கதையையும் இரண்டு பக்கத்துக்கு எழுத முடிந்தவன் சுகமாகத்தான் இருப்பான். நானும் சுகம். அப்பாவும் சுகம். கண்ணுக்கு ஒப்பரேசன் செய்து கட்டுப் போட்டபடி சாய்மனைக் கதிரையில் ராசா மாதிரி இருந்துகொண்டு, குசினிக்குள் நான் எந்தச் சட்டியைத் திறக்கிறேன் என்று சத்தத்தை வைத்தே சொல்கிறார். வெள்ளிக்கிழமைதான் கட்டு அவிழ்ப்பார்கள். அதுவரை லிங்கநகரை விட்டு அசைய எனக்கு ஏலாது. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுத் தம்பி இன்றைக்குக் கொழும்புக்கு ரயில் ஏறுகிறான். அவனிடம் கொடுத்துவிடுகிறேன், நாளைக் காலையில் உன் கைக்கு வரும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கத்தைக் காட்டியவள் எழுதுகிற கடிதம் இது. சிரிப்பு வருகிற இடத்தில் சிரி. ஆனால் கடைசி வரை வாசி.

உன் கடிதத்தை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். ஒன்பதாம் மாதத்தில் நிற்கிற உன் வசந்திக்கு வயிறு இறுகி வலித்தது, வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள், பொய்வலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நாலு நாளில் மறுபடியும் ஓட்டம். பிறகு மூன்றாம் தரமும். மூன்றாம் தரம் அங்கிருந்த தாதி மிஸி உங்களைக் கண்டதுமே சிரித்தது, கந்தோரில் உன் பெரியவர் "என்ன ஐசே, இண்டைக்கும் சும்மாதானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டது, நீ வீட்டுக்கு வந்து வசந்தியிடம் "இனி உண்மையான வலி வந்தால் மட்டும் சொல்லும்" என்று சொன்னது, எதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். இதுவரைக்கும் அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய். இப்போது ஒரு கிழமையாக அவள் ஒன்றும் சொல்வதில்லை, வலியெல்லாம் நின்றுவிட்டது போல, நிம்மதியாக இருக்கிறது என்று.

அதோடு நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன். அப்பாவும் சிரிப்பை நிறுத்தினார்.

"அந்த வரியைத் திருப்பி வாசியும்," என்றார். வாசித்தேன். சாய்மனையில் இருந்து நிமிர்ந்தார். "இண்டைக்கே எழுதும். எல்லாத்தையும் எழுதும்," என்றார்.

மகனே, வலி நிற்கவில்லை. சொல்வதுதான் நின்றிருக்கிறது. ஆகவே இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போய் வசந்தியிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு வா. பிள்ளை வழக்கம் போல் உதைக்கிறதா, தண்ணீர் ஏதும் போனதா, இரத்தம் கண்டதா, வலி ஒரே அளவு இடைவெளி விட்டு வருகிறதா. இதில் ஒன்றுக்கு அவள் யோசித்தாலும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. நான் எழுதியது எங்கேயும் ஓடாது. ஒன்றும் இல்லை என்றால் திரும்பி வந்து வாசி.

உனக்கு நீ பிறந்த கதை தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா சோற்றுப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டுப் போனார், அதை எடுக்க அவர் வேலை செய்த லோஞ்சுப் படகு நடுக்கடலில் இருந்து திரும்பி வந்தது, வந்த இடத்தில் எனக்கு வலி கண்டிருந்தது, அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். இதுதானே கதை. உன் கலியாணப் பந்தியிலும் இதைச் சொன்னேன். "சோத்துப்பெட்டி எண்டுதான் பேர் வச்சிருக்க வேணும்" என்று நான் சொல்ல, சம்பந்தி வீட்டாருக்குப் புரையேறியது. உன் அப்பா பக்கத்தில் இருந்து ஓம் ஓம் என்று தலையாட்டினார். மகனே, அப்படி ஒரு சோற்றுப் பெட்டியே கிடையாது. அவர் அன்றைக்குச் சோற்றைக் கையோடு கொண்டுபோயிருந்தார். இருபத்தேழு வருடமாக நான் உன்னைச் சிரிக்க வைத்து ஏமாற்றியிருக்கிறேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மூதூர்ப் பக்கம் இருந்தோம். மூதூருக்கும் அக்கரைப் பட்டணமான ரவுணுக்கும் இடையில் ஓடிய, எல்லோருக்கும் அண்ணன் மாதிரியான ஹனீபா காக்காவின் லோஞ்சில் அப்பாவுக்குக் கயிறு எறிகிற வேலை. காக்கா சுக்கான் பிடிப்பார், இவர் கயிறு எறிந்து கரையில் கட்டுவார், அவிழ்ப்பார், தயிர்ச் சட்டிகளை உடையாமல் ஏற்றி இறக்குவார். காலையில் ஒரு பயணம், பின்னேரம் ஒரு பயணம். எனக்கு இடுப்பு ஒடுங்கல், முதல் பிள்ளை வேறு, ரவுண் பெரியாஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று ஊர் மருத்துவிச்சி உறுதியாகச் சொல்லிவிட்டாள். நடுவில் கடல் கிடந்தது.

லோஞ்சுக்காரரிடம் அந்த நாளில் ஒரு பழக்கம் இருந்தது. வருத்தக்காரரையோ பிள்ளைத்தாய்ச்சியையோ ஏற்றினால் முன்பக்கக் கம்பத்தில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் ஆள் நிறையும் வரை காத்திருக்க மாட்டார்கள், உடனே அவிழ்த்துப் புறப்படுவார்கள். கடலில் வலை விரித்திருப்பவர்கள் அந்தத் துணியைத் தூரத்தில் கண்டதும், யாருக்கு என்னவென்று கேளாமல், வலையை இழுத்து வழி விடுவார்கள். எத்தனையோ பாடு மீன் அதில் கைவிட்டுப் போயிருக்கும். ஒருவரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

எட்டாம் மாதக் கடைசியில் எனக்கு முதல் வலி வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். வயிற்றின் ஒரு பக்கம் தானாகத் திரண்டு எழும்பி, முழுவதும் இறுகி, தட்டினால் சத்தம் கேட்கும் போல் ஆனது. என் வயிறுதான், ஆனால் என்னைக் கேட்காமல் செய்கிறது. மூச்சு நின்றுவிட்டது. பிறகு தானாகவே இளகியது. அப்பா துணியைக் கட்ட, காக்கா இயந்திரத்தை முடுக்க, தயிர்க்காரிகள் சட்டியும் தாங்களுமாக ஒதுங்கி எனக்கு நிழல் பக்கம் இடம் விட, போனோம். கடலின் நடுவில் வலி போய்விட்டது. போனது என்றால் வந்த சுவடே இல்லை. எனக்குப் பசி எடுத்தது. ஒரு தயிர்க்காரியிடம் தயிர் வாங்கிச் சாப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பொய்வலி, போய்வா என்றார்கள். பின்னேர லோஞ்சில், பிள்ளைத் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, போன அதே ஆட்களுக்கு நடுவில் திரும்பி வந்தேன்.

ஒரு கிழமையில் இரண்டாம் தரம். பிறகு மூன்றாம் தரம். மூன்றாம் தரம் திரும்பி வருகையில் கதீஜா ராத்தா என்ற தயிர்க்கார அக்கா கேட்டா, "புள்ள, வயித்துக்குள்ள இரிக்கிறது பொடியனா, சுங்கக்காரனா? ஒவ்வொரு முறையும் கரையைச் சோதிச்சிப் போட்டுத் திரும்பிப் போறான்." லோஞ்சு முழுக்கச் சிரித்தது. காக்காவும் சுக்கானைப் பிடித்தபடி சிரித்தார். என் புருஷனும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு சிரித்தார்.

இதில் அவர்கள் பிழை ஒன்றும் இல்லை. நீ என்னை அறிவாய். அந்த லோஞ்சில் நான் பகிடி பண்ணாத ஆள் இல்லை. கதீஜா ராத்தாவின் தயிர் கெட்டியா தண்ணியா என்று பார்க்கச் சட்டியைக் கவிழ்த்துப் பிடிக்கச் சொன்னவள் நான். காக்காவின் பல் விழுந்தபோது நாலு நாள் அவரைப் போலவே கதைத்துக் காட்டியவள் நான். அவர்கள் எனக்குத் திருப்பித் தந்தது நியாயமான பங்குதான். ஆனால் மகனே, மற்றவர்களைச் சிரிக்க வைக்கத் தெரிந்த எனக்கு, என்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதைத் தாங்கத் தெரியவில்லை. சிரித்தபடி இருந்தேன். கரை இறங்கி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அடுத்த நாள், அழுக்காக இருக்கிறது, தோய்த்துத் தருகிறேன் என்று அப்பாவிடம் அந்த வெள்ளைத் துணியைக் கேட்டு வாங்கினேன். தோய்த்தேன். காய்ந்ததும் கிழித்து உனக்கு அணையாடையாக மடித்து வைத்தேன். இனி எனக்காகத் துணி கட்டுகிற வேலை இல்லை என்று வீம்பு. வேறு ஒருத்திக்கும் வலி வரலாம் என்ற நினைப்புக்கூட எனக்கு வரவில்லை. அப்பா தேடினார். காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்றேன்.

மூன்றாம் தரம் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய மிஸி இருந்தா. தலை நரைத்தவ. சிரிக்காதது அவ மட்டும்தான். என் கையை எடுத்து என் வயிற்றிலேயே வைத்து, "பிடிச்சுப் பாரும். இது பழகுது. பிள்ளையை வெளிய அனுப்பிற நாளுக்கு இப்பவே பழகுது. ஆர் சொல்லிக் குடுத்தது எண்டு எனக்கும் தெரியாது," என்றா. நான் அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகுதான் யோசித்தேன். ஹனீபா காக்கா காலையில் இயந்திரத்தை முடுக்கிவிட்டு, கயிற்றை அவிழ்க்காமல் கொஞ்ச நேரம் ஓட விடுவார். லோஞ்சு நின்ற இடத்திலேயே உதறும், கயிறு விண்ணென்று இழுபடும், தண்ணீர் கலங்கும், ஓரடியும் நகராது. அறியாதவர் பார்த்தால் சும்மா எண்ணெயைக் கொட்டுகிறான் என்பார். சூடேறாத இயந்திரத்தோடு கடலுக்குப் போகிறவன் நடுவில் நிற்பான் என்பது காக்காவுக்குத் தெரியும். என் வயிற்றுக்கும் தெரிந்திருந்தது. நான் நான்காம் வகுப்பு. என் வயிறு எந்த வகுப்புக்கும் போகவில்லை. நான் மீன் வெட்டும்போதும் தூங்கும்போதும், வாத்தியார் இல்லாமல், பிரம்பு இல்லாமல், பிழை விட்டுப் பிழை விட்டுத் தன் பாடத்தைத் தானே படித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க் கூச்செறிகிறது. பொய்வலி என்று அதற்கு ஆர் பேர் வைத்தார்களோ தெரியாது, பெற்றவள் வைத்திருக்க மாட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. வலி வலிதான், பிள்ளை மட்டும்தான் இன்னும் புறப்படவில்லை.

நான்காம் வலி ஒரு பின்னேரம் தொடங்கியது. முன்னையதெல்லாம் வந்த வழியே போனது. எழும்பி நடந்தால் குறைந்தது, படுத்தால் குறைந்தது. இது நடந்தாலும் வந்தது, படுத்தாலும் வந்தது. முதுகில் தொடங்கி முன்பக்கத்தைக் கட்டிப் பிடித்தது. விடியும் வரை வாயைத் திறக்கவில்லை. அப்பா பக்கத்தில்தான் தூங்கினார். ஒவ்வொன்றையும் சேலைத் தலைப்பைக் கடித்து விழுங்கினேன். இதுவும் போய்விடும், நாளைக்கு லோஞ்சில் ஏறி இன்னொரு தரம் சிரிப்புக்கு ஆளாக மாட்டேன் என்பதுதான் என் நினைப்பு. பிள்ளை என்ன பாடுபடுகிறது என்று நினைத்தேனா என்று கேட்காதே. நினைக்கவில்லை. அதுதான் நான் இத்தனை வருடம் உனக்குச் சொல்லாத இடம்.

காலையில் அப்பா புறப்பட்டார். "இண்டைக்கு எப்பிடி இருக்கு, ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. நீங்கள் போங்கோ."

"முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"உங்கட முகத்தைக் காலமையில பாத்தா வேற எப்பிடிக் கிடக்கும்?"

சிரித்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் இறங்குதுறை தெரியும். லோஞ்சு புறப்படும்போது அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டுவது வழக்கம். அன்றைக்கும் காட்டினார். அந்த நேரம் பார்த்து வயிறு இறுகியது. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தி, பல்லைக் காட்டிச் சிரித்து நானும் கை காட்டினேன். அவருக்கு அங்கிருந்து சிரிப்புத்தான் தெரிந்திருக்கும். லோஞ்சு திரும்பிக் கடலுக்குள் போனது. அது முனையைத் தாண்டுவதற்குள் என் கால் வழியே தண்ணீர் போய் நிலம் நனைந்தது. பின்னேரம் வரை வேறு லோஞ்சு இல்லை.

அங்கே நடந்ததை அப்பா சொல்லித்தான் அறிவேன். இப்போதும் பக்கத்தில் இருந்து திருத்திக்கொண்டிருக்கிறார். காக்கா சுக்கானில் நின்று, "என்ன தம்பி, உங்கட பெஞ்சாதி இண்டைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டிருக்கிறார், பகிடியாகத்தான். "ஒண்டும் சொல்லேல்லைக் காக்கா," என்றிருக்கிறார் அப்பா. காக்கா சிரிக்கவில்லையாம்.

"ஒண்டும் சொல்லல்லியா?"

"இல்லை. ஒண்டுமில்லை, போங்கோ எண்டுதான் சொன்னவ."

"நேத்து?"

"நேத்தும் பின்னேரத்தில இருந்து கதையில்லை."

காக்காவுக்கு ஏழு பிள்ளைகள். "தம்பி, அந்தப் புள்ளைட வாய் நான் லோஞ்சு ஓடுற சத்தத்துக்கு மேலால கேக்கிற வாய். அது ஒரு ராத்திரி முழுக்கச் சும்மா இரிந்திச்செண்டா, சும்மா இரிக்கல்ல," என்றாராம். லோஞ்சில் இருந்த ஆட்களைப் பார்த்து, "திருப்புறன். ஆருக்கும் குறை இரிந்தா இப்ப சொல்லுங்க," என்றாராம். ரவுணில் தயிர் விற்க வேண்டியவர்கள், கச்சேரிக் கந்தோரில் காரியம் உள்ளவர்கள், எல்லாரும் இருந்திருக்கிறார்கள். கதீஜா ராத்தாதான் வாயைத் திறந்தாவாம். "கதைச்சிக்கிட்டு நிக்காம திருப்புங்க," என்று.

நான் நிலையைப் பிடித்தபடி நின்றேன். போன சத்தம் தேய்ந்து, பிறகு மறுபடியும் கேட்கத் தொடங்கியது. முதலில் என் காதைத்தான் நம்பவில்லை. முனையைச் சுற்றிக்கொண்டு லோஞ்சு வந்தது. நாற்பது பேரும் எழும்பி நின்று என் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. மகனே, நான் கோயிலில் தேர் வரக் கண்டிருக்கிறேன். பெரிய சண்டைக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையக் கண்டிருக்கிறேன். அந்தப் பழைய லோஞ்சு எனக்காகத் திரும்பி வந்ததைப் போல் ஒன்றை நான் கண்டதில்லை.

ஏற்றினார்கள். கம்பத்தில் கட்டத் துணி இல்லை. அது எங்கே போனது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், சொல்ல வாயும் இல்லை. காக்கா ஒன்றும் யோசிக்காமல் போட்டிருந்த பனியனைக் கழற்றி அப்பாவிடம் எறிந்தார். முதுகுப் பக்கம் மூன்று ஓட்டை. அதைக் கம்பத்தில் கட்டிக்கொண்டு போனோம். "பனியனைப் பார்த்தால் ஆருக்கு விளங்கும்" என்று அந்த வலியிலும் எனக்குள் ஒருத்தி பகிடி பண்ணினாள். விளங்கியது. வலைக்காரர்கள் தோணிகளில் எழும்பி நின்று வலையை இழுத்தார்கள். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கதீஜா ராத்தா என் முதுகின் அடியில் உள்ளங்கையை ஊன்றி அழுத்திப் பிடித்தபடி, "மூச்சைப் பிடிக்காத புள்ள, வெளிய விடு. அடுப்பூதுற மாதிரி மெல்லமா ஊது," என்று என்னோடு சேர்ந்து ஊதினா. எனக்காக அல்ல, தனக்கே வலி வந்தது போல் ஊதினா. துறைமுகத்துக்குள் ஒரு சாம்பல் நிறக் கப்பல் மலை மாதிரி நின்றது. அதன் நிழலைக் கடக்கும்போது வந்த வலியில், இந்தக் கப்பலை நான்தான் தூக்குகிறேன் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி மேசையில் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் நீ பிறந்தாய். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. நீலமாக வந்தாய், அழவில்லை. அந்த நரைத்த மிஸி கொடியை எடுத்து, வாயைத் துடைத்து, உன்னைத் திருப்பித் தேய்த்துக்கொண்டே இருந்தா. சுவரில் இருந்த மணிக்கூட்டின் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். பிறகு பூனைக்குட்டி போல் ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு நீ வாயை மூடியதே இல்லை என்பது வேறு விசயம்.

மிஸி கை கழுவிக்கொண்டு வந்து கேட்டா, "எப்ப துவங்கினது?"

"நேற்றுப் பின்னேரம்."

"அப்ப ஏன் உடன வரேல்லை?"

"சிரிப்பினம் எண்டு."

அவ என்னை ஏசவில்லை. கட்டில் ஓரத்தில் வந்து இருந்தா. "மூண்டு தரம் வந்து மூண்டு தரமும் திரும்பிப் போனீர். நீர் போகேக்க ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது. ஆபத்து இல்லாமல் போற பிள்ளைத்தாய்ச்சியைப் பாக்கிறதுதான் எங்களுக்கு நல்ல நாள். நூறு தரம் வந்தாலும் வாரும். இனியொருத்திக்கு நோவு வந்தால் அவவுக்கும் இதைச் சொல்லும்," என்றா.

நான் ஒருத்திக்கும் சொல்லவில்லை. சோற்றுப் பெட்டிக் கதையைக் கட்டிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வசந்திக்கும் அதைத்தான் சொன்னேன். அவள் இப்போது அங்கே தனியே இருந்து சேலைத் தலைப்பைக் கடிக்கிறாள் என்றால் அதில் உனக்குப் பாதிப் பிழை, எனக்குப் பாதிப் பிழை.

சரி, இனி அவளுக்கு என்ன செய்யலாம் என்று கேள். வலி வரும்போது படுத்திருந்தால் எழுப்பி மெல்ல நடக்க விடு. நின்று வேலை செய்துகொண்டிருந்தால் கையில் இருப்பதை வாங்கி வைத்துவிட்டு இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க விடு. இரண்டு குவளை தண்ணீர் குடிக்கக் கொடு. கொழும்பு வெக்கைக்கு உடம்பு காய்ந்தாலே வயிறு இறுகும். சலம் கழிக்கப் போகச் சொல், அடக்கி வைத்தாலும் இறுகும். முதுகுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்று. இளஞ்சூடு என்றால் உன் முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடாத சூடு, நீ தேத்தண்ணி குடிக்கிற சூடு அல்ல. உள்ளங்கையால் முதுகின் அடியை அழுத்திப் பிடி. அவளோடு சேர்ந்து ஊது, வெட்கப்படாதே, கதவு சாத்தித்தானே இருக்கிறது. இதற்கெல்லாம் குறைந்தால் பழகுகிற வலி. குறையாமல், ஒரே இடைவெளியில் வந்து, ஒவ்வொன்றும் முன்னையதை விடக் கூடினால் புறப்படுங்கள். நாள் இன்னும் கிடக்கிறது என்று யோசித்து நிற்காதே, நாளுக்கு முந்தி அப்படி வந்தால்தான் இன்னும் வேகமாக ஓட வேண்டும். தண்ணீர் போனால், இரத்தம் கண்டால், பிள்ளையின் ஆட்டம் குறைந்தால் எண்ணிக்கொண்டும் இருக்காதே. பொய்யா மெய்யா என்று கண்டுபிடிப்பது ஆஸ்பத்திரிக்காரரின் வேலை. உன் வேலை கூட்டிக்கொண்டு போவது. அந்த மிஸி சிரித்தால் நீயும் கூடச் சிரி. உன் பெரியவர் கேட்டால், எங்கள் வீட்டில் ஒத்திகை நடக்கிறது ஐயா என்று சொல்.

அப்பா சொல்கிறார், தான் அன்றைக்கு "முகம் ஒரு மாதிரிக் கிடக்கு" என்று கண்டும் கேளாமல் போனதையும் எழுதட்டாம். எழுதிவிட்டேன். அவர் வாசலில் ஒரு நிமிடம் கூட நின்றிருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று இத்தனை வருடத்தில் முதல் தரமாக இன்றைக்குக் கேட்டார். சொல்லியிருப்பேன் என்றேன். ஒரு பகிடியும் பண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்த்ததும் நான் ரயில் ஏறுவேன். அதுவரை அவளுக்கு அங்கே நீதான் இருக்கிறாய்.

நான் எழும்பிப் போய்க் கேட்கச் சொன்ன நாலு கேள்விக்கும் வசந்தி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள். ஆகவே இன்னொரு தரம் எழும்பிப் போ. இந்த முறை ஒன்றும் கேட்காதே. "உண்மையான வலி வந்தால் மட்டும் சொல்லும் என்று நான் சொன்னது பிழை" என்று மட்டும் சொல். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து அவள் வயிற்றில் கையை வை. கால் மணித்தியாலம் ஆகலாம், ஒரு மணித்தியாலமும் ஆகலாம், பொறுத்திரு. ஒரு பக்கமாகத் திரண்டு எழும்பும். பிறகு முழுவதும் இறுகி, உன் கையை மேலே தள்ளும். உனக்குப் பயம் வரும், வரட்டும். அப்பாவும் முதல் தரம் கையை வைத்தபோது, இது மனிசர் செய்கிற வேலை இல்லை என்று எழும்பி நின்றவர். நீ எழும்பாதே, கையையும் எடுக்காதே. அது கொஞ்சம் கொஞ்சமாக இளகும். இளகி முடிந்ததும் அவள் மூச்சை விட்டு உன்னைப் பார்ப்பாள். அப்போது எல்லாவற்றையும் சொல்லுவாள்.

அம்மா